பழைய வோக்கி டோக்கியை அமெச்சூர் வானொலியாக மாற்றலாமா? வன்னி வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

வாடகைக் கார் சேவைகளும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களும் ஒரு காலத்தில் பயன்படுத்திய மோட்டரோலா, கென்வூட், ஐகொம் செட்டுகள் இன்று பழைய பொருட்களாக விற்பனைக்கு வருவதுண்டு. எல்லோர் கையிலும் கையடக்கத் தொலைபேசி வந்ததன் பின்னர் பல நிறுவனங்களுக்கு அவை தேவையற்றுப் போயின. மலிவாகக் கிடைக்கின்ற இந்தச் செட்டுகளைப் பார்க்கும்போது வன்னியிலுள்ள கடைக்காரர் ஒருவருக்கும் திருத்துநர் ஒருவருக்கும் இயல்பாகவே சில கேள்விகள் எழும். இவற்றை அமெச்சூர் வானொலியாக மாற்ற முடியுமா? மாற்றினால் கடைக்கும் லொறிக்கும் இடையில் பேசலாமா? இதை ஒரு தொழிலாகச் செய்யலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, வன்னி போன்ற ஒரு பிரதேசத்தில் வீட்டில் இப்படியொரு செட் இருப்பதால் வில்லங்கம் வராதா? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தேடுவோம்.

அமெச்சூர் வானொலி என்பது என்ன?

வானொலித் தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள தனிநபர்கள், பரீட்சையில் சித்தியடைந்து அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சேவையே அமெச்சூர் வானொலி. 'ஹாம் வானொலி' என்றும் இதனைச் சொல்வார்கள். உலகின் பெரும்பாலான நாடுகளில் இச்சேவை உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அழைப்புக்குறி வழங்கப்படுகின்றது. இலங்கை அமெச்சூர்களின் அழைப்புக்குறிகள் '4எஸ்' என்று ஆரம்பிக்கும்.

நமது நாட்டில் இதற்குப் பொறுப்பான நிறுவனம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996 இன் 27 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உட்பட அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டங்களுமே இத்துறையை ஆள்கின்றன. புதியவர், பொது, உயர்நிலை என மூன்று தரங்களில் அமெச்சூர் அனுமதி உள்ளது. இலங்கை வானொலிச் சங்கம் அமெச்சூர்களின் அமைப்பாக இயங்கி வருகின்றது.

வியாபாரம் பேசுவதற்கான அலைவரிசை அல்ல

வியாபாரப் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டிய விடயம் இதுதான். அமெச்சூர் அலைவரிசையில் பண நோக்கத்துடன் பேசக் கூடாது. இது சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் அடிப்படை. 'பத்து மூடை அரிசியை மாங்குளத்தில் இறக்கு' என்று லொறிச் சாரதியிடம் சொல்வதுகூட விதி மீறலாகும். கடைக்கும் வாகனத்துக்கும், பண்ணைக்கும் அலுவலகத்துக்கும் இடையில் பேச விரும்புபவர்கள், தனியார் வானொலி வலையமைப்புக்குரிய அனுமதியை ஆணைக்குழுவிடம் தனியாகப் பெற வேண்டும். அதற்குரிய அலைவரிசை வேறு, கட்டணமும் வேறு. அமெச்சூர் அனுமதியைக் குறுக்கு வழியாக நினைத்துச் செலவு செய்பவர் ஏமாந்துபோவார்.

இன்னொரு விதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேச்சின் பொருளை மறைக்கும் இரகசியக் குறியீடுகளுக்கு அமெச்சூர் அலைவரிசையில் இடமில்லை. சில வர்த்தகச் செட்டுகளில் குரலைக் குழப்பி அனுப்பும் வசதி உண்டு. செட்டை மாற்றும்போது அந்த வசதியை முற்றாக நிறுத்திவிட வேண்டும்.

அப்படியென்றால் இதில் வருமானம் எங்கே என்று கேட்கலாம். காற்றில் இல்லை, வேலை மேசையில் இருக்கின்றது. அதற்குப் பின்னர் வருவோம்.

எந்தச் செட் பொருந்தும்?

அமெச்சூர்கள் உள்ளூர் உரையாடலுக்கு அதிகம் பயன்படுத்துவது 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதி. அலைநீளத்தை வைத்து இதனை 'இரண்டு மீற்றர் அலைவரிசை' என்பார்கள். வர்த்தகச் செட்டுகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரையான பரப்பின் ஏதாவது ஒரு பகுதிக்காகத் தயாரிக்கப்படுகின்றன. இரண்டும் அயல்வீடுகள் என்பதால்தான் இந்த மாற்றம் சாத்தியமாகின்றது.

ஆனால் எல்லாச் செட்டுகளும் இதற்குப் பொருந்துவதில்லை. உதாரணமாக, நன்கு அறியப்பட்ட மோட்டரோலா ஜீஎம்300 வாகனச் செட்டை எடுத்துக்கொள்வோம். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான இந்தச் செட் 136-162 என்ற பரப்பிலும் 146-174 என்ற பரப்பிலும் வந்தது. முதலாவது வகை நமது வேலைக்கு அப்படியே பொருந்தும். இரண்டாவது வகையை 145 இற்கு இறக்குவது இழுபறியான வேலை. சில செட்டுகள் இணங்கிப்போகும். சில, காலையில் வேலை செய்துவிட்டு வன்னியின் மத்தியான வெயிலில் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ள முடியாமல் நழுவிவிடும். ஆகவே பின்புறத்திலுள்ள மாதிரி இலக்கத்தைப் பார்த்து, எந்தப் பரப்புக்குரியது என்பதை உறுதிசெய்த பின்னரே காசைக் கொடுக்க வேண்டும். மேலும் உயர்ந்த அலைவரிசைச் செட்டுகளிலும் இதே கதைதான். அமெச்சூர் பகுதி 430 முதல் 440 மெகாஹேர்ட்ஸ் வரை. 450 இல் ஆரம்பிக்கும் செட்டை வாங்கினால் வீண் செலவு.

வாங்குபவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அலைவரிசையை எப்படி மாற்றுவது என்பது. மிகப் பழைய செட்டுகளில் ஒவ்வொரு சனலுக்கும் ஒரு பளிங்குத் துண்டு (கிறிஸ்டல்) இருக்கும். அதனைப் புதிதாகச் செய்விப்பதென்றால் செட்டின் விலையை விட அதிகமாகிவிடும். அதற்கடுத்த தலைமுறையில் நினைவகச் சிப்பைக் கழற்றி எழுத வேண்டியிருந்தது. அதற்கும் பிந்தியவை கணினியில் இணைத்து எழுதக்கூடியவை. புதிதாக ஆரம்பிப்பவர் இந்த மூன்றாவது வகையை மட்டுமே வாங்குவது நல்லது.

மாற்றும் வேலை படிப்படியாக

முதலில், செட்டைக் கணினியுடன் இணைக்க இடைமுக வயர் ஒன்று வேண்டும். கணினியின் தொடர் இணைப்பு வெளிவிடும் மின்னழுத்தம் செட்டிலுள்ள சிப்புக்குப் பொருந்தாது. இடையில் நின்று அதனை ஐந்து வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுப்பதே இந்த வயரின் வேலை. கைத்திறனுள்ள ஒருவர் ஒரேயொரு சிப்பையும் சில கப்பாசிற்றர்களையும் கொண்டு இதனைத் தானே செய்துகொள்ளலாம். பழைய செட்டுகளின் மென்பொருள் 'டொஸ்' காலத்தியது. வேகமான இன்றைய கணினியில் ஓடவிட்டால் எழுதும்போது குழம்பி, செட்டையே முடக்கிவிடக்கூடும். மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்று இங்கே பொன்னாகும்.

இரண்டாவது, எதையும் எழுதுவதற்கு முன்னர் செட்டில் இருப்பதை வாசித்துச் சேமித்து வைக்க வேண்டும். ஏதாவது பிழைத்தால் திரும்பிச் செல்ல வேறு வழியில்லை.

மூன்றாவது, பழைய உரிமையாளரின் அலைவரிசைகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும். 'கேட்பதற்கு மட்டும்' என்று ஒன்றிரண்டை விட்டுவைப்பது கெட்ட பழக்கம். அடுத்தவர் அலைவரிசை செட்டில் இருந்தால் சோதனையின்போது அதற்கு விளக்கம் சொல்வது கடினம். செட்டின் பரப்புக்குள் 156 முதல் 162 மெகாஹேர்ட்ஸ் வரையான கடற்போக்குவரத்து அலைவரிசையும் வரும். 156.8 மெகாஹேர்ட்ஸ் என்பது கடலில் ஆபத்துக்கால அழைப்புக்குரிய 16 ஆம் சனல். 'மீன்பிடிப் படகுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமே' என்று முல்லைத்தீவுப் பக்கம் ஒருவர் கேட்கக்கூடும். கூடாது. அது வேறொரு சேவை. அதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட செட்டும் தனியான அனுமதியும் வேண்டும்.

நான்காவது, சனல் இடைவெளி. வர்த்தக வலையமைப்புகள் பல 12.5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இயங்குகின்றன. அமெச்சூர்களிடம் 25 கிலோஹேர்ட்ஸ் இடைவெளிக்குரிய அகன்ற பேச்சும் வழக்கில் உண்டு. குறுகிய நிலையில் விட்டுவிட்டால் நமது குரல் மற்றவருக்கு மெலிந்து கேட்கும். அவருடைய குரல் நமக்கு உடைந்து கேட்கும். பேசவேண்டியவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்களோ அதற்கேற்ப மென்பொருளில் மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, அளந்து பார்த்தல். அன்டெனாவுக்குப் பதிலாகப் போலிச் சுமை எனப்படும் 50 ஓம் தடையை இணைத்து, எத்தனை வொட் வெளிவருகிறது, அலைவரிசை நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 160 மெகாஹேர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த செட்டை 145 இற்குக் கொண்டுவந்தால் வாங்கும் பகுதியின் காது சற்று மந்தமாகியிருக்கும். உள்ளேயுள்ள சிறிய திருகாணிகளை அளவுகருவியின் துணையுடன் மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யலாம். கருவி இல்லாமல் குத்துமதிப்பாகத் திருப்புவது நல்ல செட்டைக் கெடுக்கும் வழி.

சீனத் தயாரிப்பான பாவோபெங் போன்ற கைச்செட்டுகள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இந்தச் சிரமம் ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழகுவதற்கு அந்தக் கைச்செட்டு போதும். ஆனால் வர்த்தக வாகனச் செட் இருபத்தைந்து, நாற்பது வொட் வலுவுடையது. தூசியிலும் குலுக்கலிலும் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பக்கத்து அலைவரிசைகளின் இரைச்சலைத் தள்ளிவிட்டு வேண்டிய குரலை மட்டும் எடுப்பதில் அது பல படி மேல். எதை வாங்கினாலும் அனுமதிப்பத்திரம் தேவை என்பதில் மாற்றமில்லை.

வன்னித் தரையும் அன்டெனாவும்

செட்டை விட முக்கியமானது அன்டெனா. 160 மெகாஹேர்ட்ஸுக்கு வெட்டிய கால் அலைக் கம்பி ஏறத்தாழ 44 சென்ரிமீற்றர் நீளமிருக்கும். 145 இற்கு 49 சென்ரிமீற்றர் வேண்டும். வெட்டிய கம்பியை நீட்ட முடியாது. ஆகவே பழைய அன்டெனாவை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதே சரி. பொருந்தாத அன்டெனாவில் பேசினால் வலு திரும்பி வந்து செட்டைச் சூடாக்கும்.

இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. மலையகத்தில் ஓர் உச்சியில் ஏறி நின்றால் பல மாவட்டங்களுக்குக் கேட்கும். வன்னி சமதரை. இங்கு உயரத்தை நாமே உண்டாக்க வேண்டும். ஒரு எளிய கணக்கு உண்டு. அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அது எட்டும் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். பத்து மீற்றர் உயரத்துக்கு 13 கிலோமீற்றர். இரு பக்கமும் பத்து மீற்றர் என்றால் 26 கிலோமீற்றர்.

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு நேர்கோட்டில் 47 கிலோமீற்றர் அளவில் இருக்கின்றது. இரு பக்கமும் 33 மீற்றர் உயரம் வேண்டும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 70 கிலோமீற்றர். நேரடியாகப் பேசுவது எளிதல்ல. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு வழி தெரிகின்றது. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் பிரியும் மாங்குளம், மூன்று நகரங்களுக்கும் நடுவே அமைந்துள்ளது. அங்கிருந்து கிளிநொச்சி 28 கிலோமீற்றர், வவுனியாவும் முல்லைத்தீவும் 42, 43 கிலோமீற்றர். மாங்குளத்தில் 30 மீற்றர் உயரத்தில் அன்டெனாவுடன் அனுமதி பெற்ற ஒருவர் இருந்தால், அவர் ஒரு முனையின் செய்தியை மறுமுனைக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். காட்டு மரங்கள் அலையை விழுங்கும் என்பதால் கணக்கில் கிடைக்கும் தூரத்தில் ஒரு பகுதியைக் கழித்தே எதிர்பார்க்க வேண்டும்.

வயரிலும் நட்டம் உண்டு. ஆர்ஜி58 எனப்படும் மெல்லிய வயரை முப்பது மீற்றர் ஓடவிட்டால் 25 வொட்டில் ஏறத்தாழ ஆறு வொட் மட்டுமே மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி213 என்றால் பாதிக்கு மேல் போகும். செட்டில் மிச்சம்பிடித்த காசை வயரில் போடுவதே புத்திசாலித்தனம்.

மின்சாரம் போனாலும் செட் ஓடவேண்டும். இவை 13.8 வோல்ட்டில் இயங்குவதால் கார் பற்றரி நேரடியாகப் பொருந்தும். கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை அம்பியருக்கும் குறைவு, பேசும்போது 25 வொட்டில் ஆறு அம்பியர் அளவில். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் பேசுவதென்று வைத்தால் சராசரி ஓர் அம்பியர். 60 அம்பியர் மணி பற்றரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் முப்பது மணித்தியாலம் தாங்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரிகூட வர முடியாதிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வன்னியில் கூடுதல் கவனம்

இங்கே ஒரு வோக்கி டோக்கி வெறும் மின்சாதனம் அல்ல. போர்க்காலத்தில் அது போராளியிடமும் படையினரிடமும் இருந்த பொருள். 2002 போர்நிறுத்தத்தின் பின் உதவி நிறுவனங்களின் வாகனங்களிலும் நீண்ட அன்டெனாக்களைக் கண்டோம். 2008 செப்டெம்பரில் அந்நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டன. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் அன்டெனாவைக் கண்டால் சந்தேகிக்கும் பழக்கம் அதனோடு முடிந்துவிடவில்லை. 1990 இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஆண்டுகளைக் கழித்துவிட்டு மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை தேவையில்லை.

ஆகவே சில விடயங்களைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். காணியிலோ காட்டிலோ கைவிடப்பட்ட செட் எதுவும் கண்ணில் பட்டால் எடுக்காமல் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். 'பழசுதானே' என்று கடைக்குக் கொண்டுவருபவரிடம் வாங்கக் கூடாது. நிறுவனத்திடமிருந்து வாங்கினால் பற்றுச்சீட்டு, தொடர் இலக்கம், பழைய அனுமதியின் நிலை ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் செட்டுக்கும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. இல்லையேல் சுங்கத்திலேயே நின்றுவிடும். அமெச்சூர் அனுமதிப்பத்திரம் கையில் வரும்வரை செட்டை வாங்கி வைப்பதையே தவிர்ப்பது நல்லது. முதலில் பரீட்சை, பிறகு பத்திரம், பிறகே செட். இந்த ஒழுங்கு மாறினால் மலிவாக வாங்கிய செட் மிக விலையுயர்ந்ததாகிவிடும்.

தொழிலாகப் பார்த்தால்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போட்டி அதிகம், இலாபம் குறைவு. சோல்டர் பிடிக்கத் தெரிந்த அந்த இளைஞருக்கு வானொலிச் செட் வேலை கடினமானதல்ல. ஆனால் வானொலிச் சாதனங்களை விற்பதற்கும் திருத்துவதற்கும் ஆணைக்குழுவின் வியாபாரி அனுமதி தேவை. கடைக்குரிய சாதாரணப் பதிவு இதற்குப் போதாது.

வாடிக்கையாளர் யார்? அமெச்சூர்கள் மட்டும் என்றால் வன்னியில் கடை நடத்த முடியாது. அனுமதி பெற்ற தனியார் வலையமைப்புகள், பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியவற்றின் செட்டுகளுக்கும் பற்றரி மாற்றுதல், அன்டெனா பொருத்துதல், சனல் எழுதுதல் போன்ற வேலைகள் உண்டு. அமெச்சூர் மாற்றம் இவற்றோடு சேர்ந்த ஒரு பக்க வேலை. அதற்கு வாங்கும் அதே வலுமானி, அதே போலிச் சுமை, அதே வயர் எல்லா வேலைக்கும் பயன்படும். மாற்றிய செட்டை விற்கும்போது அனுமதிப்பத்திரத்தின் பிரதியைப் பெற்று, தொடர் இலக்கத்துடன் புத்தகத்தில் பதிந்துகொள்வது கடைக்காரரின் பாதுகாப்பு. செட்டின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது வியாபாரத்தின் பாதுகாப்பு.

வெள்ளம் வரும் நாளில்

வருமானம் சிறிது, விதிகள் பலவென்றால் இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தெற்கில் தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை அமெச்சூர்கள் அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் சிற்றலை வானொலியால் இணைத்தார்கள். அதே வேளையில் அந்தமானின் போர்ட் பிளேயரில் தங்கியிருந்த இந்திய அமெச்சூர் பாரதி பிரசாத் குழுவினர் தீவுகளின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். அதே சுனாமியில் முல்லைத்தீவுக் கரையும் அழிந்தது என்பதை நாம் மறக்க முடியாது.

அதன் பின்னரும் நீர் வந்துகொண்டுதான் இருக்கின்றது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கி அறுநூறுக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. மின்சாரம் தடைப்பட்டு, கோபுரங்களின் பற்றரி தீர்ந்ததும் கையடக்கத் தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டாகிவிடுகின்றது. அந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தையும் நம்பாமல் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசக்கூடியது இந்த வானொலி. ஆபத்துக்காலத்தில் பிறருக்காகச் செய்தி கடத்துவதையும் அமெச்சூர் விதிகள் அனுமதிக்கின்றன.

இதற்குப் பெரும் முதலீடு வேண்டியதில்லை. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கு இடங்களிலும் பரீட்சையில் சித்தியடைந்த இருவர், மாற்றியமைத்த ஒரு செட், ஒரு பற்றரி, உயரமான ஒரு கம்பம் இருந்தால் போதும். பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார்செய்யலாம். செலவில் ஒரு பகுதியை ஊர்க் கடைக்காரர்கள் ஏற்கலாம். வெள்ளத்தில் முதலில் நட்டப்படுவதும் கடைகள்தானே. பழைய செட்டை மாற்றுவது ஒரு வாரத்து வேலை. அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவரை உருவாக்குவதுதான் காலமெடுக்கும். ஆகவே அந்த வேலையை அடுத்த மாரிக்கு முன்னரே ஆரம்பித்துவிட வேண்டும்.